அரிசி அளவு கீறலும் அகலக் கீறலும்

போன வருஷம், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்து எங்கள் ஊர் கொஞ்சம் மூச்சுவிட்டதே, அதற்கு அடுத்த வாரம் நடந்தது இது. இடம், சங்கரன்கோவிலில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் மேஜை. அதன்மேல் மல்லாந்து கிடந்தது நான்தான். மயக்க மருந்தெல்லாம் கிடையாது, நல்ல முழிப்பு. வலது கண்ணில் பாதி ஆபரேஷன் ஆகியிருந்தது. அப்போது டாக்டர் கையை நிறுத்திவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், இன்றைக்கும் அது அப்படியே காதில் நிற்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், நான் அந்த மேஜைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வயது ஐம்பத்தேழு. வீட்டை ஒட்டிப் போட்ட ஷெட்டில் எங்களுக்கு இரண்டு விசைத்தறி. ஒன்றை நானும் ஒன்றை என் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்கிறோம். பருத்திச் சேலை ஓட்டுகிறோம். தறிதான் கரண்டில் தானாக ஓடுகிறதே, உங்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். கண்ணுக்குத்தான் வேலை. நீளவாக்கில் ஆயிரக்கணக்கான நூல் இழுத்துக் கட்டியிருக்கும். அதைப் பாவு என்போம். அதற்கு ஊடே நாடா, அதாவது குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு போகும் கட்டை, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பறந்துகொண்டே இருக்கும். பாவில் ஓர் இழை அறுந்தாலும் உடனே தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டாக வேண்டும். கவனிக்காமல் விட்டால் சேலை நெடுகக் கோடு விழுந்துவிடும்.

இரண்டு மூன்று வருஷமாகவே எனக்கு வலது கண் மங்கிக்கொண்டு வந்தது. எண்ணெய் பட்ட காகிதத்தை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பார்ப்பது போல இருக்கும். கண்புரைதான் என்று எனக்கே தெரியும். ஏனென்றால் என் வீட்டுக்காரருக்கு அதற்கு முந்தியே வந்து, இலவசக் கண் சிகிச்சை முகாமில் பஸ் வைத்துக் கூட்டிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்து, கறுப்புக் கண்ணாடியோடு திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். அவருக்கு நன்றாகவே பார்வை வந்தது. ஆனாலும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அவருக்குச் செய்தது அகலக் கீறல் போட்டுப் புரையை முழுசாக வெளியே எடுக்கிற முறை. "இந்தக் காலத்துல அரிசி அளவு கீறல் போட்டு மெஷினை வச்சு உறிஞ்சுதாங்க. இவருக்கு என்னன்னா, கட்டில் வெளிய வரணும்னு கதவையே பெயர்த்து எடுத்திருக்காங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். அவரும் கூடச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

எனக்கு அந்த அரிசி அளவு கீறல்தான் வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். லென்ஸும் முடிவு செய்தாயிற்று. சிவகிரியில் இருக்கிற என் ஓரகத்தி, என் கொழுந்தனாரின் மனைவி, ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் பார்க்கிற லென்ஸ் வைத்திருந்தார்கள். "யக்கா, கண்ணாடியே வேண்டாம். மலையும் தெரியுது, போன்ல வார எழுத்தும் தெரியுது" என்று அவள் சொன்னதிலிருந்து எனக்கு வேறு எதுவும் மனசில் ஏறவில்லை. அவளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? அதே லென்ஸ் நானும் வைத்துக்கொள்வேன், கொஞ்சம் வசதி வரட்டும் என்று தள்ளிப் போட்டேன். அப்படியே தள்ளித் தள்ளிப் போய், இழை அறுவதைக் கண்ணால் பார்ப்பது நின்று, விரலால் தடவித் தெரிந்துகொள்வது என்று ஆகிவிட்டது. வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லவில்லை.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். தறி ஓடிக்கொண்டிருந்தது. பாவில் ஏதோ சரியில்லை என்று மனசுக்குப் பட்டது. என்ன என்று தெரியவில்லை. குனிந்தேன். அப்போதும் தெரியவில்லை. இன்னும் குனிந்தேன். ஓடுகிற தறிக்கு மேலே அப்படி முகத்தைக் கொண்டுபோகக் கூடாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உண்மையில் அங்கே நாலைந்து இழை அறுந்து, சிக்கி, முடிச்சு முடிச்சாகக் கிடந்திருக்கிறது. நாடா வந்த வேகத்தில் அந்தச் சிக்கலில் இடித்து, தடம் மாறி, மேலே எகிறியது. இரண்டு முனையிலும் இரும்புக் கூர் வைத்த கட்டை அது. என் காதோரம் காற்று அறைந்ததுதான் தெரியும். பின்னால் சுவரில் டமார் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் சுண்ணாம்புக் காரை பெயர்ந்து கொட்டிக்கிடக்கிறது.

என் வீட்டுக்காரர் ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ரத்தம் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"ஏட்டி, கண்ணு தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானட்டி? இம்புட்டு நாளா என்னத்தப் பாத்து ஓட்டிட்டு இருந்தே?"

அன்றைக்கு இரண்டு தறியும் ஓடவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், அளவெல்லாம் எடுத்தார். வலது கண்ணில் புரை நன்றாக முற்றிப் பழுப்பேறிவிட்டது, இடது கண்ணிலும் படர ஆரம்பித்துவிட்டது என்றார். நான் உடனே, எந்தக் கீறல் வேண்டும், எந்த லென்ஸ் வேண்டும் என்று ஹோட்டலில் டிபன் சொல்வதுபோலச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க என்ன வேலை பாக்கீங்கம்மா?" என்று கேட்டார். சொன்னேன். தறி ஷெட்டில் வெளிச்சம் எப்படி, பாவு என்ன கலர், நூல் எவ்வளவு சன்னம் என்று அவர் துருவித் துருவிக் கேட்டார். கண் டாக்டருக்கு இதெல்லாம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

கடைசியில் அவர் சொன்னது இதுதான். என் ஓரகத்திக்கு வைத்த மாதிரி லென்ஸ், கண்ணுக்குள் வருகிற வெளிச்சத்தைத் தூரத்துக்குக் கொஞ்சம், கிட்டத்துக்குக் கொஞ்சம் என்று பங்கு போட்டுக் கொடுக்கும். நடுத்தூரத்துக்கும் சேர்த்துப் பங்கு போடுகிற லென்ஸும் உண்டு. பலருக்கு அது அருமையாக ஒத்துப்போகும். ஆனால் பங்கு போடுவதால், மங்கலான இடத்தில் ஒரே நிறத்தில் கிடக்கிற சன்ன இழைகளைப் பிரித்துப் பார்ப்பது கொஞ்சம் சிரமம். அதனால் எனக்கு ஒரே தூரத்துக்குப் பார்க்கிற சாதா லென்ஸே போதும் என்றார். அதுவும் மடித்து உள்ளே வைக்கிற லென்ஸ்தான், சின்னக் கீறல்தான்.

சாதா என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே எனக்குச் சுருக்கென்றது. வெளியே நாலு பேர் உட்கார்ந்திருப்பதைக்கூட நினைக்காமல், "ஏன் டாக்டர், தறி ஓட்டுதவளுக்கு நல்ல லென்ஸ் ஆகாதோ?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் முகம் சுளிக்கவில்லை. "விலை கூடுனதை வைக்கச் சொல்லுதது எனக்கு லேசும்மா. உங்க தறிக்கு அது ஒத்து வருமான்னுதான் யோசிக்கேன். அவசரம் இல்ல. ஒண்ணு செய்யுங்க. நீங்க தறி பக்கத்துல எப்பவும்போல நிமிந்து நின்னு பாக்கும்போது, கண்ணுல இருந்து பாவு எம்புட்டுத் தூரம் இருக்குன்னு அளந்துட்டு வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அளந்தோம். அதற்கு டேப் எதற்கு? நான் தறிக்கு முன்னால் நிமிர்ந்து நின்றேன். வீட்டுக்காரர் ஒரு நூலை என் கண்ணோரத்தில் பிடித்து, மறுமுனையைப் பாவில் வைத்து, விறைப்பாக இழுத்துக் கத்தரித்தார். அந்த நூலை ஒரு தீப்பெட்டியில் சுருட்டி வைத்தேன். வைத்தேனே ஒழிய, மனசு ஆறவில்லை.

ஆடித்தபசு பார்க்க ஓரகத்தி சிவகிரியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். எனக்கு ஒரு யோசனை. அவளைத் தறி ஷெட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனேன். முந்தின நாளே வீட்டுக்காரர் நிறுத்தி வைத்திருந்த தறியில் இழை ஒன்று அறுந்து கிடந்தது. எங்கே என்று அவர் எனக்கும் சொல்லவில்லை. "ஏட்டி, இதுல ஒரு நூல் அறுந்திருக்கு. எங்கனன்னு கண்டுபிடி பாப்போம்" என்றேன். அவள் நின்று பார்த்தாள். தலையைப் பின்னால் இழுத்துப் பார்த்தாள். பிறகு மூக்கு படுகிற மாதிரி குனிந்து ஓரத்திலிருந்து தேட ஆரம்பித்தாள்.

"யக்கா, இங்கன இன்னொரு லைட்டு போடக்கூடாதா? எல்லாம் ஒண்ணா வழிச்சு வச்ச மாதிரில்லா இருக்கு."

"மலையெல்லாம் தெரியும்னியே?"

"மலைக்குப் பின்னால வெளிச்சம் இருக்குல்லா!" என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, "போன்ல நாம வெளிச்சத்தைக் கூட்டி வச்சுக்கிடலாம். எனக்கு ஆபீஸ்ல டியூப் லைட்டு நேரா மேசை மேல. நீ இதுக்குள்ள நின்னு எப்படித்தான் பாக்கியோ" என்றாள்.

தறி பார்த்துப் பழகாதவள், அதனாலும் தெரியாமல் இருந்திருக்கலாம். அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் வேலைக்கு அவள் லென்ஸ் ராஜா. ஆனால் அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் என் காதோரத்தில் மறுபடி அந்தக் காற்று அறைந்தது. போதும், டாக்டர் சொன்னதே சரி என்று அங்கேயே தீர்மானித்தேன்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்த் தீப்பெட்டியைத் திறந்து நூலை நீட்டினேன். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். ஸ்கேல் வைத்து அளந்து, அறுபத்தைந்து சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டார். அந்தத் தூரத்துக்குத் தக்கபடி லென்ஸ் பவரைக் கணக்குப் போடுவதாகவும், டிவிக்கும் பஸ் போர்டுக்கும் மட்டும் கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். புரை மிகவும் கெட்டியாக இருப்பதால், தேவைப்பட்டால் நடுவில் முறையை மாற்ற நேரலாம், அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து என்றார். ம், ம் என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். உண்மையைச் சொன்னால், காதில் வாங்கவே இல்லை. அரிசி அளவு கீறல், ஊசி இல்லை, தையல் இல்லை, அது மட்டும்தான் என் மண்டைக்குள் இருந்தது.

ஆபரேஷன் அன்று கண்ணில் சொட்டு மருந்து விட்டே மரத்துப்போகச் செய்தார்கள். முகத்தின்மேல் துணி போட்டார்கள், ஒரு கண்ணுக்கு மட்டும் ஓட்டை. நேர் மேலே பெரிய விளக்கு. பயந்துகொண்டு போன எனக்கு அங்கே ஒரு திருவிழா காத்திருந்தது! தண்ணீர்த் தொட்டியில் சாயத்தை ஊற்றினால் நெளிந்து நெளிந்து கரையுமே, அதுபோல நீலமும் ரோஸும் மஞ்சளும் கண்ணுக்கு முன்னால் சுழல்கிறது. வலி துளிகூட இல்லை. டாக்டர், "கீறல் போட்டாச்சும்மா, இப்போ மெஷின் சத்தம் கேக்கும், பயப்படாதீங்க" என்றார். மெஷின் சத்தத்துக்கா நான் பயப்படுவேன்?

சன்னமான ஊசி முனை ஒன்று உள்ளே போய், அதிர்ந்து அதிர்ந்து புரையைப் பொடித்து உறிஞ்சும் என்று முன்னமே சொல்லியிருந்தார். சத்தம் கேட்டது. முப்பது வருஷமாக மோட்டாரோடு குடித்தனம் நடத்துகிற காது எனக்கு. சத்தத்தை வைத்தே தறிக்கு என்ன கேடு என்று சொல்லிவிடுவேன். கொஞ்ச நேரத்தில் அந்த மெஷின் சத்தம் எனக்குப் பிடிக்காமல் போனது. ஏறுகிறது, நிற்கிறது, திரும்ப ஏறுகிறது, நிற்கிறது. பாரம் இழுக்க முடியாமல் திணறுகிறது. டாக்டர் பக்கத்திலிருந்த நர்ஸிடம் மெல்ல ஏதோ சொன்னார்.

சத்தம் அடியோடு நின்றது.

"அம்மா, நான் சொல்லுதது கேக்குதா? தலையை ஆட்டாம வாயால மட்டும் சொல்லுங்க."

"கேக்கு டாக்டர்."

"உங்க புரை கல்லு மாதிரி இருக்கு. மெஷினைக் கூட்டி வச்சு உடைச்சிரலாம். ஆனா அந்த அதிர்வுலயும் சூட்டுலயும் கண்ணோட முன்பக்கக் கண்ணாடி கெட்டுப்போகும். அதனால நான் வழியை மாத்துதேன். மேல்பக்கமா அகலமாக் கீறல் போட்டு, முழுசா வெளிய எடுக்கப் போறேன். மரத்துப்போக ஒரு ஊசி போடணும்."

நான் கேட்டேன். "எங்க வீட்டுக்காரருக்குப் பண்ணுன மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

அந்த நேரத்தில், அந்தப் பயத்தின் நடுவிலும், எனக்கு வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கதவையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நானல்லவா! வயிறு குலுங்கியது. டாக்டர் பதறி, "சிரிச்சிராதீங்க, தலை ஆடக்கூடாது!" என்றார். உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டை போலக் கிடந்தேன். சிரிப்பு போய்க் கண்ணீராக இடது கண்ணில் வழிந்தது. நர்ஸ் துணிக்கு அடியில் கையை விட்டு என் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

ஊசி போட்டதும் சாயமெல்லாம் கலைந்து இருட்டிக்கொண்டு வந்தது. இனி நடப்பது எதுவும் எனக்குத் தெரியாது, காதுதான் கதி. கத்தியைத் தட்டில் வைக்கிற சத்தம், டம்ளரில் தண்ணீர் விடுவது போல ஒரு சத்தம், டாக்டரின் மூச்சு. கண்ணுக்குள் ஏதோ அழுத்துகிறது, இன்னும் அழுத்துகிறது. எனக்கு மூன்றே மூன்று கேள்வி. புரை வெளியே வருமா? லென்ஸ் வைக்க முடியுமா? முடியாவிட்டால் என் தறியை யார் பார்ப்பது?

"வந்துட்டு!" என்றார் டாக்டர். அவர் குரலில் அப்போதுதான் ஊர்ப்பேச்சு முழுசாகக் கேட்டது. "அம்மா, முழுசா வந்துட்டு! லென்ஸ் உக்கார வேண்டிய பை கிழியல. உங்க நூலை அளந்து எடுத்து வச்சிருக்கேன்லா, அதே லென்ஸையே வைக்கேன்."

எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. தலையை ஆட்டாமல் எப்படிக் குதிப்பது? "வைங்க டாக்டர், வைங்க" என்று மட்டும் சொன்னேன். பாதுகாப்புக்கு ஒரு தையலும் போட்டார். தையலே இல்லாத ஆபரேஷன் என்று பீற்றிக்கொண்டவளுக்கு ஒரு தையல். என் வீட்டுக்காரருக்கு அதுகூட இல்லை. முடிந்த பிறகு ஒரு பஞ்சுத் துணியில் வைத்து என் புரையைக் காட்டினார்கள். கறுத்துப் பழுத்து, உடைத்த கருப்பட்டித் துணுக்கு மாதிரி இருந்தது. இதையா கண்ணுக்குள் வைத்துக்கொண்டு சேலை ஓட்டினோம் என்று எனக்கே அதிசயமாகப் போய்விட்டது.

இதோடு எல்லாம் சுபம் என்று நினைத்தால் இல்லை. மறுநாள் காலையில் கண்ணில் போட்டிருந்த கட்டைப் பிரித்தார்கள். ஓரகத்திக்குப் பிரித்தவுடனே கடிகாரத்து முள் தெரிந்ததாம். வீட்டுக்காரருக்கோ, கூட வந்த ஆட்களின் முகமெல்லாம் தெரிந்ததாம். நானும் அப்படி நினைத்து ஆசையோடு கண்ணைத் திறந்தேன். வெள்ளை. பாத்ரூம் ஜன்னலில் போடுவார்களே, அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பது போல. டாக்டரின் உருவம் அசைவது தெரிந்தது, முகம் தெரியவில்லை.

"தெரியல" என்றேன்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். முன்பக்கக் கண்ணாடி வீங்கியிருக்கிறது, கெட்டிப் புரை என்பதால் இப்படி ஆகும், சொட்டு மருந்தில் வற்றிவிடும், நாலைந்து நாள் பொறுங்கள் என்றார். "நேத்து மெஷினை இன்னும் கூட ஓட்டியிருந்தா நான் இப்படித் தைரியமாச் சொல்லியிருக்க முடியாதும்மா" என்றும் சொன்னார். அப்போது அந்தப் பேச்சு என் தலையில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

அந்த நாலு நாளும் என் வீட்டுக்காரர் என்னை விட்டு நகரவில்லை. போனில் அலாரம் வைத்துக்கொண்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து சொட்டு மருந்து விடுவார். கையைக் காலை நீட்டி மடக்காதே, குனியாதே, கண்ணைத் தொடாதே என்று ஒரே காவல். இரண்டாம் நாள் நான் பொறுக்கமாட்டாமல் அழுதுவிட்டேன். அழுதாலும் கண்ணுக்கு ஆகாதே என்று அதற்கு ஒரு பயம் வேறு. அவர் மருந்துப் புட்டியை மூடிக்கொண்டே சொன்னார்: "கதவப் பெயர்த்து எடுத்தா தூசி அடங்க நாளாகும்லா. கொஞ்சம் பொறுட்டி." குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. அவர் அப்படிச் சொல்லக்கூடிய மனுஷரும் இல்லை. எனக்குத்தான் தரையில் புதைந்துகொள்ளலாம் போல இருந்தது. அவர் ஆபரேஷன் முடிந்து வந்தபோது நான் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். பாதி நேரம் தறியில்தான் நின்றிருப்பேன்.

மூன்றாம் நாள் வெள்ளை கொஞ்சம் மெலிந்தது. நாலாம் நாள் ஜன்னல் கம்பி தெரிந்தது. எத்தனை கம்பி என்று எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. வெளியே சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டேன், கண் பட்டுவிடும் என்பது போல. ஐந்தாம் நாள் காலையில் எழுந்து கொடியில் கிடந்த துண்டைப் பார்த்தேன். வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை! சலவைக்கு நீலம் போட்டுக் காயவைத்த வெள்ளை. அதே துண்டு எனக்கு இவ்வளவு காலமாக மங்கின சந்தன நிறத்தில் தெரிந்துகொண்டிருந்தது. இடது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். மாற்றி மாற்றிப் பொத்தி, தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

தறிச் சத்தம் கேட்டது. நான்கு நாளாக நிறுத்தியிருந்த தறியை வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் ஓட்ட ஆரம்பித்திருந்தார். ஷெட்டுப் பக்கம் ஒரு மாதம் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. நூல் தூசி பறக்கும். தெரியும். ஆனால் கால் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய், தறிக்கு முன்னால் நிமிர்ந்து நின்றேன்.

பாவு மொத்தமும் தெரிந்தது. தெரிந்தது என்றால், துணி மாதிரி இல்லை. இழை இழையாக! ஒவ்வொன்றும் தனியாக, பக்கத்தில் பக்கத்தில், மேலும் கீழும் ஏறி இறங்கி ஓடுகிறது. அரக்கு என்று நினைத்து நான் ஓட்டிய கரை, நல்ல கத்தரிப்பூ நிறத்தில் மின்னுகிறது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது, வலப்பக்கம் கரையை ஒட்டி ஓர் இழை தொய்ந்து, முடி போலத் துள்ளி, அறுந்து பின்னால் போனது.

"நிறுத்துங்க! அறுந்துட்டு! நிறுத்துங்க!"

நான் போட்ட சத்தத்தில் அவர் என்னமோ ஏதோ என்று சுவிட்சைத் தட்டிவிட்டு ஓடிவந்தார். "எங்கட்டி? என்ன ஆச்சு?"

"இழை அறுந்துட்டு. அந்தா, கரைக்கு இந்தப் பக்கம் மூணாவது."

அவர் குனிந்தார். தெரியவில்லை. அவருக்கு வைத்தது தூரத்துப் பார்வைக்கான லென்ஸ். கிட்டத்துக்குக் கண்ணாடி வேண்டும். சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். மறுபடி பாவைப் பார்த்தார்.

"ஏட்டி, அது உனக்கு அங்கன நின்னே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

அவர் அறுந்த முனைகளை எடுத்து முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சின் வால்கூட எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனோம். தறி ஷெட்டுக்குள் போனதற்கு டாக்டர் என்னை நன்றாகத் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, "மூணாவது இழைன்னு எண்ணியே சொன்னீங்களா?" என்று கேட்டுப் பக்கத்து அறை நர்ஸையும் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்ல வைத்தார். லென்ஸ் விஷயத்தில் நான் முந்தி ஒரு நாள் பேசிய பேச்சுக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எந்தப் பேச்சும்மா?" என்றார். நிஜமாகவே மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருந்தாரா, தெரியவில்லை.

இப்போது இடது கண்ணும் ஆபரேஷனுக்கு நாள் பார்க்கிற கட்டத்துக்கு வந்திருக்கிறது. எங்கள் தெருவில் யாருக்காவது புரை என்றால் என்னிடம் வந்து எந்தக் கீறல் நல்லது, எந்த லென்ஸ் நல்லது என்று கேட்கிறார்கள். டாக்டரிடம் உங்கள் வேலையைச் சொல்லுங்கள், தள்ளிப் போடாதீர்கள், மற்றதை உள்ளே பார்க்கிறவர் முடிவு பண்ணட்டும் என்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு அந்த டாக்டர் நினைத்திருந்தால் சின்னக் கீறலிலேயே முடித்துக் காட்டி, சொன்னபடி செய்தேன் என்று பெயர் வாங்கியிருக்கலாம்; அவர் அந்தப் பெயரை ஒரு நொடியில் உதறிவிட்டு என் கண்ணைத் தேர்ந்தெடுத்தார், நானோ ஒரு வீம்புக்காக அதே கண்ணை மூன்று வருஷம் இருட்டில் வைத்திருந்தேன் என்பதை நினைக்கும்போதெல்லாம், பிடித்த பிடியை விட வேண்டிய நேரம் வந்தால் யோசிக்காமல் விடுகிற தைரியம் எனக்கும் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.